பூட்டிய அடுக்களையும் கோதுமைப் பையும்

1979 ஜூன் 23, சனிக்கிழமை. காலை மணி 7.10.

ஞானபாக்கியம் டீச்சர் வீட்டுக் கொல்லைப்புறத்தில், தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் மயங்கிக் கிடந்தார். முகம் வெளிறியிருந்தது. வயிறு மட்டும் உப்பியிருந்தது. அடுக்களைக் கதவு பூட்டியிருந்தது.

சாவி அவருடைய தம்பி ஏசுதாசனின் சட்டைப் பையில் இருந்தது. மூன்று நாளாக அது அந்தப் பையை விட்டு இறங்கவேயில்லை. டீச்சருக்கு விஷம் வைக்கிறாள் என்று சந்தேகிக்கப்பட்ட சமையற்காரி அன்னக்கிளி அந்த மூன்று நாளும் அடுக்களைக்குள் கால் வைக்கவில்லை. சமைத்தது ஏசுதாசனின் மனைவி இன்பம். பரிமாறியது ஏசுதாசன். அப்படியும் டீச்சர் முன்னைவிட மோசமாகப் படுத்துவிட்டார்.

மணி 8.05. சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் வீட்டு வாசல்.

ஆவுடையப்பனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். போலீஸ் வேலைக்கு ஆசைப்பட்டு, உயரம் அரை அங்குலம் குறைந்ததால் சுகாதார வேலைக்கு வந்தவர் அவர். அந்த அரை அங்குலத்துக்கான தண்டனையைச் சங்கரன்கோவில் கடைக்காரர்கள்தான் அனுபவித்தார்கள். எண்ணெய், மிளகாய்ப்பொடி, பால் என்று எதில் கலப்படம் இருந்தாலும் மூக்கை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் பாதிக் கடைகளில் டப்பாக்கள் இடம் மாறும்.

ஏசுதாசன் வந்தபோது அவர் பாதி முகச்சவரத்தில் இருந்தார்.

"சாம்பிள் எடுக்கணும் சார். சோறு, குழம்பு, உப்பு, ஒண்ணு விடாம எடுங்க. அந்தப் பொம்பளைய உள்ள தள்ளாம நான் எங்க ஊரு பாளையங்கோட்டைக்கு பஸ் ஏற மாட்டேன்."

"எந்தப் பொம்பளை?"

"எங்க அக்காவுக்குச் சமைக்காளே, அன்னக்கிளி."

"என்ன விஷம் வச்சா?"

"கோதுமை."

ஆவுடையப்பனின் கத்தி கன்னத்திலேயே நின்றது. எலிப்பாஷாணம், அரளிவிதை, மூட்டைப்பூச்சி மருந்து எல்லாம் அவர் கேள்விப்பட்டவர். கோதுமையை அந்த வரிசையில் வைத்து யாரும் சொன்னதில்லை. மிச்ச முகத்தை அவசரமாகச் சிரைத்துக்கொண்டு கிளம்பினார்.

மணி 8.25. தெருமுனையில் பால்காரர் பெருமாள்சாமி எதிரே வந்தார். ஆவுடையப்பனைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்.

"அய்யா, இப்பம்லாம் பாலு சுத்தம். வேணும்னா கருவிய முக்கிப் பாத்துக்கிடுங்க."

"கேஸ் எழுதினபெறகுதான் உமக்குப் புத்தி வந்திருக்கு வே. போம், போம்."

டீச்சர் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. பெண்கள் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவர். உடம்பு பாதியாக இளைத்திருந்தாலும் குரலில் வகுப்பறை அதட்டல் குறையவில்லை.

"என் தம்பி சொல்லுறது பாதி நிஜம் இன்ஸ்பெக்டர். கோதுமை எனக்கு விஷந்தான். ரெண்டு வருஷமா வயித்தால போய், ரத்தம் செத்து, எலும்புந்தோலுமா ஆனேன். போன அக்டோபர்ல மதுரை டாக்டர் ஒருத்தர் குடல்லேருந்து துணுக்குச் சதை எடுத்துப் பாத்துக் கண்டுபிடிச்சாரு. சீலியாக்னு பேரு. கோதுமை பட்டா என் குடலு வெந்துபோவும். சப்பாத்தி, ரவை, பரோட்டா, பிஸ்கட்டு, ஒண்ணும் ஆகாது."

"பெருங்காயம்? அதுல மைதா கலப்பானே."

டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தார். "பரவாயில்லையே, விவரமான ஆளுதான். அதையும் நவம்பர்லயே நிறுத்தியாச்சு. ஏழு மாசம் நல்லா இருந்தேன். நாலு கிலோ கூடினேன். இந்த ஜூன்ல திரும்பவும் ஆரம்பிச்சிட்டு."

"அதான் சொல்லுதேன்," என்று ஏசுதாசன் குறுக்கே விழுந்தார். "நாங்க திங்கக்கிழமை வந்தோம். புதன்கிழமை அவ டிரங்குப் பெட்டியத் திறந்து பாத்தா, உள்ள ஒரு பை கோதுமை! அக்கா சாவணும்னே அரைச்சுக் கலந்திருக்கா. இப்ப உப்புலயும் மிளகாய்ப்பொடியிலயும் முன்னாலயே கலந்து வச்சிருப்பா. அதான் பூட்டியும் நிக்கல."

ஆவுடையப்பன் பையை வாங்கிப் பார்த்தார். வாய் சணல் நூலால் தைத்திருந்தது. ஒரு தையல்கூடப் பிரியவில்லை. விரலால் அழுத்தினால் உள்ளே முழுக் கோதுமை மணி மணியாக உருண்டது. அதைத் திருப்பிக் கொடுத்தார்.

மணி 9.00. கொல்லைப்புறத்துத் துணி துவைக்கிற கல். அதன்மேல் அன்னக்கிளி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டிரங்குப் பெட்டி தயாராக இருந்தது.

"எத்தனை வருஷமா இங்கன இருக்க?"

"பதினோரு வருஷம்."

"பெட்டியில கோதுமை எதுக்கு?"

"ரேஷன்ல போட்டது. அடுக்களைக்குள்ள அத விடக் கூடாதுல்லா? பனவடலிசத்திரத்துல எம் மவ இருக்கா, அவளுக்குக் குடுக்கலாம்னு பெட்டியில வச்சேன்."

"ஜூன் மாசம் புதுசா என்ன வாங்குன?"

"ஒண்ணும் மாறல அய்யா. அரிசி அதே கடை. எண்ணெய் அதே செக்கு. பாலு அதே பெருமாள்சாமி. டீச்சரம்மா திங்கிறது ஒண்ணொண்ணையும் நோட்டுல எழுதுதாவ, பாத்துக்கிடுங்க. இப்பம் ஆடை நல்லாக் கட்டுதுன்னு அதுல ரெண்டு கரண்டி நெய் எடுத்தேன். அதையும் எழுதியிருப்பாவ." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "போலீஸ்ல குடுத்துட்டா எனக்கு வேற யாரு வேலை குடுப்பா? விஷம் வச்சவன்னு பேரு வந்தா எம் மவ வீட்டுலயும் சோறு கிடையாது."

விசாரிக்கிறவன் இரக்கப்படக் கூடாது என்று ஆவுடையப்பன் எங்கோ படித்திருந்தார். இப்போது அது உதவவில்லை.

மணி 9.40. டீச்சரின் நோட்டு. நாற்பது பக்க நோட்டுகள் ஐந்து. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வேளையும், தின்றது என்ன, உடம்பு எப்படி என்று முத்து முத்தான எழுத்து.

மே மாதம் முழுக்க: "காலை இட்லி, பால் ஒரு டம்ளர். மதியம் சோறு, சாம்பார், மோர். மாலை பால் அரை டம்ளர். உடம்பு சுகம்."

ஜூன் 7: அதே இட்லி, அதே பால், அதே மோர். "வயிறு உப்புசம். பேதி." அடுத்த ஒரு வாரமும் அப்படியே.

ஜூன் 14: "அன்னக்கிளி அடுப்பில் வைத்ததைத் திரியவிட்டுவிட்டாள். கருப்பட்டிக் காப்பி. இட்லி. சோறு, புளிக்குழம்பு, மோர். உடம்பு சுகம்."

ஜூன் 20 முதல் 22 வரை: "தம்பி வற்புறுத்தல். கோழி சூப். முட்டை. பால் மூன்று வேளை, பெரிய டம்ளர். உடம்பு மிக மோசம்."

ஆவுடையப்பன் இந்தப் பக்கங்களை மூன்று தடவை படித்தார். பிறகு தன் காக்கிப் பையிலிருந்து சொந்த டைரியை எடுத்தார். ஜூன் மாதத்து முதல் வாரத்தில் ஒரு பக்கத்தில் நின்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து இன்பம் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சாம்பிள் எடுக்கலியா சார்?" என்றார் ஏசுதாசன்.

"செவ்வாக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. அன்னக்கிளி எங்க வீட்டுல இருக்கட்டும். சமையல் உங்க வீட்டம்மாவே செய்யட்டும், பூட்டு பூட்டாவே இருக்கட்டும். உப்பு, தண்ணி, பாலு மூணு மட்டும் நான் கொண்டாந்து தருவேன். நான் தார அளவுதான், கூடக் கூடாது."

"செவ்வாக்கிழமை பதில் வரலைன்னா?"

"நானே உங்ககூட ஸ்டேஷனுக்கு வாரேன்."

போகும்முன் டீச்சரிடம் குனிந்து ஏதோ சொன்னார். டீச்சர் புருவத்தை உயர்த்தினார். பிறகு, "சரி. சோதனைன்னா ஒழுங்காப் பண்ணணும்," என்றார். மணி 11.15க்கு ஆவுடையப்பன் தபாலாபீசில் மதுரை டாக்டருக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு, பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு டம்ளர், மாலை அரை டம்ளர் பால். டீச்சருக்கு உப்புசம் குறைந்தது. திங்கட்கிழமையும் அதே அளவு. "உடம்பு சுகம்" என்று எழுதிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்வந்தார். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு அதே டம்ளரில் பால் வந்தது. ஏசுதாசன் தன் கையாலேயே காய்ச்சினார். டீச்சர் டம்ளரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒரே மூச்சில் குடித்தார்.

மணி 8.00. டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்.

மணி 9.20. கட்டிலைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். ஆவுடையப்பனின் மனைவி ஆறுமுகத்தாய் அன்னக்கிளியைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள்.

"உப்பு மூணு நாளும் ஒரே உப்பு," என்று ஆரம்பித்தார் ஆவுடையப்பன். "தண்ணியும் ஒரே தண்ணி. பாலும் ஒரே மாட்டுப் பாலு, ஒரே அளவு. ஞாயிறும் திங்களும் அதுல பாதி தண்ணி கலந்து கொண்டாந்தேன். இன்னைக்குக் கலக்கல."

"அப்ப பால்காரன்தான் விஷம் வச்சிருக்கான்!" ஏசுதாசன் வாசலுக்குத் திரும்பினார்.

"நில்லுங்க. இந்தப் பாலை நானே சோதிச்சேன். இந்த ஊர்ல இதைவிடச் சுத்தமான பாலு கிடையாது. அதுதான் வினை." தன் டைரியைப் பிரித்து நீட்டினார். "ஜூன் 5, செவ்வாய். பஸ் ஸ்டாண்டு பக்கம் திடீர் சோதனை. பெருமாள்சாமி, பாதிக்குப் பாதி தண்ணி. கேஸ் எழுதினேன். மறுநாள்லேருந்து மனுசன் பயந்துபோய் சுத்தப் பாலு ஊத்த ஆரம்பிச்சான். ஏழாந்தேதி டீச்சருக்கு வயித்தால போச்சு. நோட்டுல 'பால் ஒரு டம்ளர்'னுதான் இருக்கு, மே மாசமும் அதே, ஜூன் மாசமும் அதே. டம்ளர் மாறல. உள்ள இருந்த பாலு ரெண்டு மடங்காயிட்டு. அன்னக்கிளி ஆடை கட்டுதுன்னு சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்."

"பதினாலாந்தேதி திரிஞ்சது பாலு," என்றார் டீச்சர் மெதுவாக. "அன்னைக்கு நான் பாலே குடிக்கல."

"அதேதான். டாக்டர் போன்ல சொன்னாரு. கோதுமை அரிச்ச குடலுக்குப் பால்ல இருக்கிற சர்க்கரையைச் செரிக்கிற சக்தி குறைஞ்சுபோகும். கொஞ்சம்னா தாங்கும், அளவு மீறினா தாங்காது. கோதுமை ஒரு எதிரின்னா இது ரெண்டாவது எதிரி. சந்தேகம் தீர ஒரு தடவை குடிச்சுப் பாக்கலாம், உயிருக்கு ஆபத்தில்லைன்னாரு."

"தெனமும் மோர் குடிக்காளே அக்கா?"

"நானும் அங்கதான் முட்டிக்கிட்டு நின்னேன். உறை ஊத்திப் புளிக்கும்போது அந்தச் சர்க்கரை கொஞ்சம் குறையும், புளிப்பே செரிக்கவும் துணை செய்யும். மோர்ல பாதி தண்ணி வேற. அதனால யாருக்கும் பாலு மேல சந்தேகம் வரல. நீங்க அடுக்களையைப் பூட்டினீங்க. பூட்டிக்கிட்டு உங்க கையாலயே மூணு வேளையும் பெரிய டம்ளர்ல ஊத்திக் குடுத்தீங்க."

ஏசுதாசன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் சத்துக்குன்னுதான..."

"உங்களச் சொல்லல. குத்தவாளி யாருன்னு கேட்டீங்கள்ல? கேஸ் எழுதினவன் நான். கலப்படக்காரன் ஏழு மாசம் காப்பாத்தி வச்சிருந்த வயித்தை நான்தான் ஒரே நாள்ல கெடுத்தேன்." ஆவுடையப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பழையபடி தண்ணி கலந்து ஊத்தும் வேன்னு சனிக்கிழமை பெருமாள்சாமிகிட்ட கேட்டேன். பொறி வைக்கேன்னு பயந்து சைக்கிளைப் போட்டுட்டு ஓடிட்டான். கடைசியில அவன் ஊத்தின சுத்தப் பால்ல நான்தான் தண்ணி கலந்தேன்."

டீச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அன்னக்கிளி பக்கம் திரும்பியவரின் கண் கலங்கிவிட்டது.

"ஏட்டி, இங்கன வா. தம்பியை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. நானும் உன்னச் சந்தேகப்பட்டேன். ஒண்ணு ரெண்டு நாளு."

"ஒம்பது நாளு, டீச்சரம்மா," என்றாள் அன்னக்கிளி. "பதினொண்ணாந்தேதியிலேருந்து நான் வச்ச ரசத்த மோந்து பாத்துட்டுத்தான் வாயில வச்சிய."

டீச்சர் அவள் கையைப் பிடித்தார்.

"அது தெரிஞ்சுமா ஏட்டி சமைச்சுப் போட்ட?"

"போடாம? அந்த உடம்போட பட்டினி கிடக்கச் சொல்லுதியளா?"

டீச்சர் வாய்விட்டு அழுதார். பதினோரு வருஷத்தில் அவர் அழுது அன்னக்கிளி பார்த்ததில்லை. ஏசுதாசன் எழுந்து வந்து, "மன்னிச்சுக்கோம்மா," என்று கையைக் கூப்பினார். அன்னக்கிளி அவருக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தன் பெட்டியைக் கொண்டுவரும்படி ஆறுமுகத்தாயிடம் சொன்னாள்.

"எங்க போற?" என்றார் டீச்சர்.

"எம் மவ வீட்டுக்கு. எனக்குக் கோவமா இருக்கு டீச்சரம்மா. இப்ப இருந்தா வாய்க்கு வந்தபடி எதாவது சொல்லிருவேன்."

"திரும்பி வருவியா?"

அன்னக்கிளி அருகே வந்து டீச்சரின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வாரேன். அதுவரைக்கும் ரசத்துக்கு மிளகு கம்மியாப் போடச் சொல்லுங்க, வயிறு புண்ணாயிருக்கும்."