கொட்டகைக்குப் பின்னால் நகர்ந்த மைக்

வெள்ளிக்கிழமை மத்தியானம் கணினி வரைந்து கொடுத்த காற்றில் ஓர் ஓட்டை இருந்தது. ஆள் உயர ஓட்டை.

விபெக்கே கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். காற்றாலை இறக்கையில் மோதிச் சுழலும் காற்று எவ்வளவு இரைச்சல் போடும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில் அவள் பிழைப்பு. படத்தில் ஒவ்வொரு வீட்டருகிலும் ஒரு பொய் மைக் வைப்பாள். அங்கே கேட்கப்போகும் சத்தத்தைக் கணினி இப்போதே காதில் ஊதிவிடும். அந்த ஓட்டை ஹென்னிங் வீட்டு மைக்கை ஒட்டி நின்றது.

பண்ணைக்காரர் ஹென்னிங் போன வருடம் காற்றாலைச் சத்தம் பற்றிய ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "உங்க கம்ப்யூட்டர் நல்லாத்தான் தூங்குது. நீங்க ஒரு ராத்திரி எங்க வீட்ல வந்து படுத்துப் பாருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான். அவர் வீட்டில் இரைச்சல் சட்ட வரம்பு மீறியிருந்தது அவளுக்கு மட்டும் தெரியும். படத்தில் படுக்கையறை ஜன்னலில் இருந்த மைக்கை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நகர்த்தி அதைச் சரிக்கட்டியிருந்தாள். தூக்கம் கெட்ட மனிதர் ஜனவரியில் அந்தக் கொட்டகையிலேயே தூக்குப் போட்டுக்கொண்டார். இப்போது அங்கே இன்னும் நான்கு காற்றாலைகள் வரப்போகின்றன. நாலு மணிக்குள் அறிக்கை போயாக வேண்டும்.

பக்கத்து மேஜை பிரேபன் எட்டிப் பார்த்து, "கணக்குப் பிசகு. திரும்ப ஓட்டு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான்.

அவள் ஹெட்போனை மாட்டினாள். இறக்கைகள் விஷ் விஷ் என்று காற்றை அறுக்க, அதற்கும் அடியில், ஒடுங்கிய குழாய்க்குள் காற்று நுழையப் பார்த்து, முட்டி, இழுத்து, திரும்பவும் முட்டுகிற ஓர் ஓசை விட்டு விட்டுக் கேட்டது. தொண்டை. அவள் கணக்கில் மனிதர்களே கிடையாது.

மைக்கை ஜன்னலுக்கே கொண்டுபோய் ஓட்டினாள். வரம்பு மீறிய எண் வந்தது. ஓட்டையைக் காணோம். உண்மையை அனுப்பினால் வேலை போய்விடும். விபெக்கே ஒரு நிமிடம்தான் யோசித்தாள். அந்த எண்ணை அழித்தாள். பொய்யை அனுப்பினாள்.

கூரையின் காற்றோட்டக் குழாயிலிருந்து பிடரியில் இறங்கிக்கொண்டிருந்த காற்று நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காற்று இப்போது பிரிந்து, இரண்டு காதோரமாகப் போயிற்று. முதுகுக்குப் பின்னால் எதுவோ மறித்தது.

அவள் திரும்பவில்லை.

பிரிந்த காற்று முன்னால் வந்து சேர்ந்தது. கழுத்தைச் சுற்றியது. இறுகியது.

மேஜைமேல் காகிதங்கள் படபடத்தன. அறை முழுக்கக் காற்று. அவள் வாய்க்குள் மட்டும் அது போகவில்லை.