ஒற்றைப் பலகைத் திருடன்

எங்கள் வீட்டில் சந்தேகம் பரம்பரைச் சொத்து. கடையில் பத்து முட்டை வாங்கினால், அப்பா பத்தையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். அம்மா பூட்டிய கதவை அப்பா ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அப்பா இழுத்துப் பார்த்த கதவை நான் இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பேன். நான்தான் டோர்கா. வயது பத்து.

குளிர்காலம் வந்தால் சனிக்கிழமைதோறும் குடும்பத்தோடு குன்றுக்குப் போவோம். பெரிய மலை என்று நினைத்துவிடாதீர்கள். மேலே போக ஒரே ஒரு இழுவைக் கயிறு, கீழே வர ஒரே ஒரு சரிவு. ஆனால் அடிவாரத்தில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் வருகிறது. அதனால் அங்கே கண்ணாடிக் கூரையின் கீழ் குளங்களும், வளைந்து வளைந்து இறங்கும் சறுக்குக் குழாயும் கட்டியிருக்கிறார்கள். மதியம் வரை காலில் நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு பனியில் சறுக்குவோம். அப்புறம் ஸ்லாவ்கா அத்தையின் கடையில் முட்டைக்கோஸ் சூப். அப்புறம் வெந்நீர்க் குளம்.

குளத்துக்குள் பலகைகளைக் கொண்டுபோகக் கூடாது. வெளியேதான் வைக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் யாரும் இரண்டு பலகைகளையும் ஒரே இடத்தில் வைக்க மாட்டார்கள். ஒன்றைச் சூப் கடைச் சுவரில் சாய்ப்பார்கள். மற்றதைக் குளத்து வேலியோரம் நிறுத்துவார்கள்.

"ஜோடியாக் கிடைச்சாத்தானே திருடன் தூக்குவான்?" என்பார் அப்பா. "ஒத்தைப் பலகையை வெச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்? நொண்டியடிச்சுக்கிட்டே இறங்குவானா?"

இந்த ஜனவரியில் அந்த ஏற்பாட்டில் யாரோ கை வைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை குளத்திலிருந்து வெளியே வந்தால், வேலியோரம் வைத்த என் பலகையைக் காணவில்லை. சூப் கடைச் சுவரில் இரண்டு மஞ்சள் பலகைகள் ஜோடியாக நின்றன. ஒன்று என்னுடையது. அதன் நுனியில் கீறல் இருக்கும். இன்னொன்று யாருடையதோ. என் காலணி அதில் மாட்டவே இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் பனிச்சறுக்குச் சங்கத்தில் மொத்தமாக வாங்கிய மஞ்சள் பலகைகள்தான். அதனால் யாருடையது யாரிடம் போனது என்று கண்டுபிடிக்கவே இருட்டிவிட்டது.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே.

"எவனோ நம்மள வெச்சு விளையாடுறான்," என்றார் கயிற்றை இயக்கும் ஃபெரோ மாமா.

"விளையாட்டு இல்ல, ஒத்திகை," என்றார் அப்பா. "இன்னைக்கு ஜோடி சேர்ப்பான். நாளைக்குத் தூக்கிட்டுப் போவான்."

ஸ்லாவ்கா அத்தை கரண்டியைச் சூப்பில் விட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. அந்தப் புது ஆளு, லாட்சி. சமவெளியிலேருந்து வந்தாரே. அவரு சறுக்கறதும் இல்ல, குளத்துல இறங்கறதும் இல்ல. நாள் பூரா வெளிய சுத்திக்கிட்டே இருக்காரு. எதுக்கு?"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடுத்த வாரம் கையும் களவுமாப் பிடிப்போம்," என்றார் ஃபெரோ மாமா. "பிடிச்சோம்னா, அந்தக் குடும்பம் இந்தக் குன்றுப் பக்கமே வரக் கூடாது."

லாட்சி மாமாவின் மகள் எனிக்கோ என் வகுப்புதான். கிறிஸ்துமஸ் முடிந்து வந்து சேர்ந்தாள். ஒரே சரிவில் பதினொரு முறை விழுந்துவிட்டு, "பன்னிரண்டாவது எங்க விழலாம்?" என்று கேட்பவள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் அன்று இரவு யோசித்தபோது, அவள் அப்பாவின் கோட்டுப் பை ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று எனக்கும் தோன்றியது. பரம்பரைச் சொத்து சும்மா விடுமா?

அடுத்த சனிக்கிழமை பெரியவர்கள் மூவரும் சூப் கடைச் சன்னலுக்குப் பின்னால் பதுங்கினார்கள். என்னையும் எனிக்கோவையும் குளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

நான் விடுவேனா? சறுக்குக் குழாயின் உச்சிப் படியில் நின்றால் கண்ணாடி வழியாக வெளியே எல்லாம் தெரியும். அங்கே ஏறினேன். எனிக்கோவும் பின்னாலேயே வந்தாள்.

"நீ முதல்ல போ," என்றேன்.

"நீதானே முதல்ல வந்தே?"

"போடி, எனக்குக் காதுல தண்ணி!"

அவள் கத்திக்கொண்டே குழாய்க்குள் மறைந்தாள். நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டேன்.

லாட்சி மாமா வேலியோரம் வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு என் பலகையை எடுத்தார்!

'பிடிபட்டார்!' என்று நினைத்தேன். ஆனால் அவர் ஓடவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு பெரிய துண்டை உருவி, பலகையில் இருந்த பனியைத் துடைத்தார். திருடன் எதற்குத் துடைக்கிறான்? பளபளப்பாக்கி விற்கவா? அவர் அதைச் சூப் கடைச் சுவருக்கு எடுத்துப் போனார். அங்கே இருந்த ஒரு மஞ்சள் பலகையின் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மறுபடி வந்து கொஞ்சம் நேராக்கினார். சுவரில் புது மணப்பெண்ணின் படத்தை மாட்டியவர்போல அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

எனக்குப் புரிந்துவிட்டது. அதே நேரம் கடைக் கதவும் திறந்துவிட்டது. முதலில் ஃபெரோ மாமா, பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் கரண்டியோடு ஸ்லாவ்கா அத்தை.

படியில் இறங்க நேரமில்லை. குழாயில் பாய்ந்தேன். தண்ணீரில் தொப்பென்று விழுந்தேன். எழுந்து, நீச்சலுடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன்.

"ஏய், என்னாச்சு?" என்று எனிக்கோவும் ஓடி வந்தாள்.

வெளியே ஃபெரோ மாமா லாட்சி மாமாவின் கையை இறுகப் பிடித்திருந்தார். லாட்சி மாமாவோ அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்!

"பரவால்ல, பரவால்ல!" என்று சிரித்தார். "இதுக்கெல்லாமா மூணு பேரும் நன்றி சொல்ல வருவீங்க?"

ஃபெரோ மாமா திகைத்துப்போனார். ஆனால் 'திருடன்' என்ற சொல் அவர் உதடு வரைக்கும் வந்துவிட்டது. அது வெளியே விழுந்தால் திரும்ப எடுக்க முடியாது.

"அப்பா!" என்று கத்தினேன். "நாம ஏன் பலகையைப் பிரிச்சு வெக்கிறோம்னு மாமாகிட்ட சொல்லுங்க!"

லாட்சி மாமா வாயைப் பிளந்தார். "பிரிச்சு வெக்கிறீங்களா? நீங்களேவா? பிள்ளைங்க ஒண்ணொண்ணாத் தொலைச்சுட்டுப் போறாங்கன்னுல்ல நினைச்சேன்! எனக்குச் சறுக்கவும் வராது, நீந்தவும் வராது. சும்மா நிக்கறதுக்கு இதையாவது செய்யலாமேன்னு மூணு வாரமாத் தேடித் தேடி ஜோடி சேர்த்தேன். மஞ்சளுக்கு மஞ்சள்!"

"திருட்டுப் போயிடுமேன்னுதான்..." என்று அப்பா இழுத்தார்.

"அடக் கடவுளே! இந்த ஊர்ல திருடங்க இருக்காங்களா?" லாட்சி மாமா பயத்தோடு சுற்றும் முற்றும் பார்த்தார். "இதுவரைக்கும் எத்தனை பலகை போயிருக்கு?"

ஃபெரோ மாமா எண்ணுவதற்காக விரல்களை விரித்தார். ஒரு விரலைக்கூட மடக்க முடியவில்லை.

"பிரிச்சு வெச்சதாலதான் போகல," என்றார் அப்பா. குரல் அவருக்கே கேட்டிருக்காது.

எனிக்கோ கெட்டிக்காரி. மூன்று பேரின் முகத்தையும் பார்த்தாள். ஸ்லாவ்கா அத்தையின் கரண்டியைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"டோர்கா," என்று என் காதில் கேட்டாள். "எங்கப்பாவைத் திருடன்னு நினைச்சாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"ஆமா," என்றேன். "நானும்தான். எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு."

அவள் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஈர முடி எங்கள் இருவருக்கும் குச்சி குச்சியாக உறைந்துகொண்டிருந்தது. லாட்சி மாமா இன்னும் திருடனைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. அதைப் பார்க்கத்தான் எனக்கு அழுகை வந்தது.

நான் சுவரோரம் போனேன். என்னுடைய இரண்டு பலகைகளையும் தேடி எடுத்தேன். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து லாட்சி மாமாவின் முன்னால் நிறுத்தினேன்.

"மாமா, நாங்க குளத்துக்குப் போறோம். இதைக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?"

"நானா?" அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு ஈ, எறும்புகூட அண்டாது, போ!"

எனிக்கோ என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "வா, உறைஞ்சு செத்துடுவோம்," என்று இழுத்தாள்.

நான் திரும்பிப் பார்த்தபோது அப்பா வேலியோரம் போய்த் தன் ஒற்றைப் பலகையை எடுத்து வந்து, மற்றதோடு சேர்த்து என் பலகைகளின் பக்கத்தில் வைத்தார். அவருக்குப் பின்னால் ஃபெரோ மாமாவும் வேலிப் பக்கம் நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவும் வெந்நீரில் வந்து உட்கார்ந்தார். ஆனால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்தார். லாட்சி மாமா சிப்பாய்போல விறைப்பாக நின்று, அப்பாவைக் கண்டதும் கையாட்டினார். அப்பா சட்டென்று தண்ணீருக்குள் முங்கிவிட்டார்.

இரண்டாவது முறை துடைத்தார். லாட்சி மாமா மறுபடியும் கையாட்டினார். அப்பாவும் வேறு வழியில்லாமல் கையாட்டினார்.

மூன்றாவது முறை துடைத்தபோது, அப்பாதான் முதலில் கையாட்டினார்.