வாசலோரத்துச் சின்னக் கலயம்

தாய்லாந்து டூர் போய்த் திரும்பிய நாலாம் நாள், என் பழைய கூட்டாளி, போடி ஏலக்காய் வியாபாரி ஒச்சாண்டி என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். ஓய்வுபெற்றவனுக்கு ஓசிச் சோறு கசக்குமா? தேனியில் பஸ் ஏறி, பன்னிரண்டரைக்கே இலை முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

ஒச்சாண்டி பாதியாக இளைத்திருந்தான். சரி, பாதி இல்லை, முக்கால்வாசி.

"அங்கன சீனாக்காரக கோயில் ஒண்ணுடா. முந்நூறு வருசம் பழசு. பெரிய பத்திக் கலயத்துக்கிட்ட ஒரே கூட்டம். வாசலோரம் சின்னக் கலயம் சும்மா கெடந்துச்சு, அதுலருந்து சாம்பல அள்ளிட்டேன்."

பொட்டலத்தைப் பிரித்தான். சாம்பலை என் நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகையை என் நாக்கிலும் போட்டான். கோயில் சாம்பலுக்கு நாம் வேண்டாம் என்போமா?

பிறகு முதல் கவளத்தை வாயில் வைத்தான்.

துப்பினான்.

விழுந்தது சோறில்லை. யாரோ மென்று துப்பிய சளிபோன்ற கூழ். நூல் நூலாக எச்சில். ஊசிப்போன பன்றிக் கொழுப்பின் வாடை எழுந்து என் சாம்பாரில் படிந்தது.

"நாலு நாளா இப்படித்தாண்ணே," என்றாள் அவன் மனைவி மொக்கம்மாள். "தண்ணி மட்டுந்தான் எறங்குது. டாக்டரு ஒரு கோளாறும் இல்லங்காக. சாம்பலு குணப்படுத்தும்னு இவுக தெனமும் அள்ளி அள்ளித் திங்காக. இப்படியே போனா ஆளு தங்கமாட்டாகண்ணே."

அவித்த முட்டையை ஓட்டோடு நீட்டினாள். உரித்தான்.

உள்ளே வெள்ளைக்கருவில் பல் தடம்.

மஞ்சள்கரு இருந்த குழியில் எச்சில் தேங்கியிருந்தது.

நான் என் இலையைத் தள்ளிவைத்தேன். அப்போது ஒச்சாண்டியின் மருமகள் பவானி போனோடு வந்தாள்.

"டூர் கைடுகிட்ட கேட்டேன் மாமா. அந்தச் சின்னக் கலயம் சாமிக்கு இல்லையாம். கப்பல்ல வந்து, சொந்தம்னு யாருமில்லாமச் செத்தவுகளுக்காம். ஊர்க்காரக வாசல்ல சோறு வச்சு, பத்தி அணையுற வரைக்கும் தொடமாட்டாகளாம். சாம்பல வாயில போட்டா..."

"போட்டா?"

"சொந்தக்காரக கெடச்சுட்டாகன்னு கூடவே வந்துருவாகளாம். அவுகளுக்கு மொதப் பந்தி வைக்கணுமாம்."

வாசலில் தலைவாழை இலை விரித்து, சோறும் கறியும் குவித்து, மூன்று பத்தி கொளுத்தினோம். உச்சிவெயில்.

ச்சப்.

ச்சப். ச்சப்.

ஆளில்லை. குவியல் மட்டும் தாழ்ந்துகொண்டே போனது. பத்தி அணைந்தபோது இலை நாக்கால் வழித்ததுபோல் பளபளத்தது.

மொக்கம்மாள் ஒரு உருண்டையை ஒச்சாண்டி வாயில் வைத்தாள். மென்றான். விழுங்கினான். அழுதுகொண்டே மூன்று தட்டு தின்றான்.

"ஏலே, புதுச் சம்பந்திகள நல்லாக் கவனிச்சுக்க!" என்று கிண்டலடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பசித்தது. கன்றிப்போகாத மலை வாழைப்பழம் ஒன்று வாங்கித் தோலை உரித்தேன்.

பாதிப் பழம் இல்லை. கடித்த இடத்தில் ஈரம் மின்னியது.

பல் தடங்கள் ரொம்பச் சின்னவை. பால்பல்.