எட்டுப் புள்ளி முகம்

ஆலையின் ஐந்தாம் மாடியிலிருந்து விழுந்த தொழிற்சங்கச் செயலாளர், தரையைத் தொட்ட கணத்திலேயே இறந்துபோனார்.

தள்ளியவன் யார்?

"உங்க தம்பிதான்" என்றார் பெண் இன்ஸ்பெக்டர். "நேத்து கூட்டத்துல ரெண்டு பேரும் சட்டையைப் பிடிச்சிருக்காங்க. ஸ்டேஷன்ல உட்கார வெச்சிருக்கோம்."

"சட்டையைப் பிடிச்சவன் எல்லாம் கொலைகாரனா மேடம்? என்கிட்ட போட்டோ இருக்கு. பாருங்க."

அண்ணனான கல்யாணப் போட்டோக்காரர் தம் ஸ்டுடியோக் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார்.

ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி அவர் வீடு. அன்று காலை மொட்டைமாடியில் நின்று கொக்குக் கூட்டத்தைப் படமெடுத்திருந்தார். கொக்குகளுக்குப் பின்னே ஆலை. அதன் ஐந்தாம் மாடி விளிம்பில் இரண்டு உருவங்கள். ஒன்று சரிகிறது... மற்றொன்றின் கைகள் நீண்டிருக்கின்றன.

"மூஞ்சி தெரியலையே சார்."

"பெருசு பண்ணா தெரியும். ஆறு கோடி புள்ளி மேடம். புது கேமரா."

பெரிதாக்கினார்.

முகம் வரவில்லை. கட்டம் கட்டமாய்ச் சாம்பல் நிறம்தான் வந்தது. எண்ணினார். குறுக்கே எட்டே புள்ளிகள்!

சாமியை நம்பாத மனிதர், மெகாபிக்ஸலை நம்பினார்!

'எண்ணூறு எம்.எம். லென்ஸ் வாங்குண்ணே' என்று நச்சரித்தவன் அந்தத் தம்பியே. 'எதுக்குடா? இருநூறு போதும். வெட்டிப் பெருசாக்கிக்கலாம்' என்று அண்ணன் புள்ளிகளை வாங்கினார். ஆறு கோடியும் வானத்துக்கும் கொக்குக்கும் பந்தி வைக்கப்பட்டு, ஒரு மனித முகத்துக்கு மிஞ்சியவை எட்டு. தொலைவை இழுத்து வரவேண்டியது லென்ஸ். அது இழுத்து வராததை எந்த எண்ணிக்கையும் ஈடுசெய்யாது!

"அப்போ இதுல யாரையும் அடையாளம் காட்ட முடியாது?"

"ஒரே நிமிஷம் மேடம். மங்கின மூஞ்சியைத் தெளிவாக்குற சாஃப்ட்வேர் இருக்கு."

பொத்தானை அழுத்தினார். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது.

மூக்கு வந்தது... மீசை வந்தது... மோவாய் வந்தது...

தம்பி!

"இது அவன் இல்ல மேடம்..." என்றார் அண்ணன். "போன மாசம்தான் அவனுக்குக் கல்யாணம். இந்த கம்ப்யூட்டர் பூரா அவன் ஆல்பம், மூவாயிரம் படம். அதைப் பார்த்துத்தான் இந்த சாஃப்ட்வேர் மூஞ்சி கத்துக்கிச்சு. தெரியாத மூஞ்சிக்கு, தெரிஞ்ச மூஞ்சியை எடுத்து ஒட்டியிருக்கு. மெஷினுக்கு அவனைத்தான் தெரியும்."

"எனக்கும் அவனைத்தான் தெரியுது சார்."

அழிக்கப் பாய்ந்த அவர் கைமேல், இன்ஸ்பெக்டரின் கை அழுத்தமாய் அமர்ந்தது.

"உங்க தம்பி மேல ஒரு சாட்சியும் இல்ல. சாயங்காலம் விட்டுடலாம்னு இருந்தேன்."

அண்ணன் மவுஸை விட்டுக் கையை எடுத்தார்.

"ஒரு பிரிண்ட் போடுங்க. லேமினேஷன் வேண்டாம் சார்... கேஸ் ஃபைல்ல கோர்க்க ஓட்டை போடணும்."