ஜூலியஸ் சித்தப்பாவின் வால் பெட்டி

ஜூலியஸ் சித்தப்பாவிடம் ஆயிரம் வால்கள் இருந்தன.

அவருக்கு முளைத்தவை அல்ல! எல்லாம் மெத்தென்ற பிளாஸ்டிக் வால்கள். நண்டுக்கால் போல, தவளைக்கால் போல, குட்டி மீன் போல. சிவப்பு, ஊதா, பறக்கிற விமானத்தையே கீழே இறக்கிவிடும் அளவுக்கு மின்னும் மஞ்சள். தூண்டில் கொக்கியில் மாட்டுவதற்காக வாங்கியவை. வீட்டுக்குக் கீழே பேஸ்மென்டில் இருந்த அந்தப் பச்சைப் பெட்டியைத் திறந்தால், கனடாவின் மீன்கள் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, மிச்சத்தை அமெரிக்காவுக்கு அனுப்பலாம்.

பெட்டி இருக்கிறது. வால்களும் இருக்கின்றன. சித்தப்பாதான் இல்லை. போன பனிக்காலத்தில் ஒருநாள் காலையில் நெஞ்சு நோகுது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து நதீஷாவின் அப்பா நீக்கிலாஸ் மாறிப்போனார். முன்பெல்லாம் அவர் ஒரு தும்மல் போட்டால் மில்லிக்கன் தெருவில் நிற்கிற கார்கள் அத்தனையும் அலாரம் அடிக்கும். இப்போது தும்மலைக்கூட மெதுவாகத் தும்மினார்.

ஜூன் மாதத்தில் பாஸ் மீன் பிடிக்கும் காலம் தொடங்கியது. முதல் சனிக்கிழமையே அப்பா அந்தப் பச்சைப் பெட்டியைத் தூக்கிச் சித்தப்பாவின் காரில் வைத்தார்.

"நதீஷா, யூனியன்வில் குளத்துக்கு வாறியா?"

"நீங்களா? ஃபிஷிங்கா?"

பத்து வயது நதீஷாவால் நம்ப முடியவில்லை. சனிக்கிழமைதோறும் சித்தப்பா, "அண்ணை, வாவன்" என்று கூப்பிடுவார். "வாற சனி பாப்பம்" என்பார் அப்பா. அந்த 'வாற சனி' வரவே இல்லை. நதீஷாதான் சித்தப்பாவுக்குத் துணையாகப் போய்வருவாள்.

அப்பாவுக்கு அது ஒரு பகிடி. "மன்னார்க் கடலில வலை வீசின பரம்பரையடா நாங்கள்! இவன் பிளாஸ்டிக் வாலைக் காட்டி மீனை ஏமாத்திறான். பிடிச்ச மீனுக்கும் முத்தம் குடுத்துத் திரும்பத் தண்ணிக்குள்ள விடுறான்!" என்று சிரிப்பார்.

குளக்கரையில் காரின் பின்கதவைத் திறந்தபோது, உள்ளே சித்தப்பாவின் மடக்குக் கதிரைகள் இரண்டு கிடந்தன. ஒன்று வெயிலில் வெளிறிப்போன பழையது. மற்றது புத்தம் புதியது. கடை அட்டைகூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"உது ஆற்ற கதிரை? ஆருக்கு வாங்கினவன்?" என்று அப்பா கேட்டார்.

நதீஷாவுக்குத் தெரியும். சித்தப்பா எப்போதும் இரண்டு கதிரைகளையும் விரிப்பார். அவள் புதியதில் உட்காரப் போனால், "அது அண்ணையின்ர. நீ வாளியைக் கவிட்டு வைச்சு இரு" என்பார்.

சொன்னால் அப்பா அழுதுவிடுவார்.

"தெரியேல்லை, அப்பா" என்றாள்.

அப்பா பெட்டியைத் திறந்து, சித்தப்பாவின் ஜிக்கை எடுத்தார். ஈயத்தலை, ஒரு கொக்கி, அதைச் சுற்றி றப்பர் இழைகளால் ஒரு பாவாடை. அந்தப் பாவாடைக்குப் பின்னால் ஒரு வால் மாட்ட வேண்டும். எந்த வால்?

"பெரிய மீனுக்குப் பெரிய வால்!" அப்பா இருந்ததிலேயே பெரிய சிவப்பு நண்டுவாலை இழுத்தெடுத்தார்.

"அப்பா, அது டூ பிக்."

"பேசாமல் இரு. எனக்குக் கடலையே தெரியும்."

"இது குளம், அப்பா."

வீசினார். தொம்! அந்தச் சத்தத்துக்குப் பயந்து வாத்துகள் குடும்பத்தோடு மிசிசாகா நகரத்துக்குக் குடிபெயர்ந்தன. தண்ணீருக்குள் ஜிக் ஒரு பக்கம் சரிந்து, நனைந்த பழந்துணி போல இழுபட்டு வந்தது. பிறகு ஊதா. பிறகு விமானத்தை இறக்கும் மஞ்சள். மீன் எட்டியும் பார்க்கவில்லை.

அப்பா புல்லில் குந்திவிட்டார்.

"அவனுக்கு என்னில கோவம், பிள்ளை. எத்தினை தரம் கூப்பிட்டவன்! நான் ஒருநாளும் வரேல்லை. கோவத்தோடதான் போயிட்டான். அதுதான் மீனும் வருகுதில்லை."

நதீஷா பெட்டிக்குள் பார்த்தாள்.

பைகள் எல்லாம் கொழுகொழுவென்று நிறைந்திருந்தன. சில பிரிக்கப்படவே இல்லை. கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குகிறவர் அல்லவா சித்தப்பா! ஒரேயொரு பை மட்டும் கசங்கி, மெலிந்து, மூலையில் கிடந்தது. அதில் இரண்டே வால்கள். சுண்டுவிரல் அளவு, பாசிப் பச்சை, அழகே இல்லை.

வீட்டுப் பிஸ்கட் டின் அவளுக்கு நினைவு வந்தது. அதில் முதலில் முடிகிறது எது? எல்லாரும் விரும்புகிறதுதானே!

தண்ணீரை எட்டிப் பார்த்தாள். தாமரை இலைகளுக்குக் கீழே குட்டி மீன்கள் திரிந்தன. எல்லாம் அதே பாசிப் பச்சை.

சித்தப்பா செய்வதுபோலவே வாலின் முன்நுனியைப் பல்லால் கடித்துக் கட்டையாக்கினாள். த்தூ! சவர்க்காரத்தை உப்பில் தோய்த்த ருசி. பிறகு கோணாமல், நேராகக் கொக்கியில் கோத்தாள்.

"இதை எறியுங்கோ, அப்பா."

"வேண்டாம். ரெண்டுதானே கிடக்கு. அவன்ர ஞாபகத்துக்கு வைப்பம்."

"சித்தப்பா வைக்கிறதுக்கு வாங்கேல்லை, அப்பா. மீனுக்கு வாங்கினவர்."

அப்பா அவளையே பார்த்தார். பிறகு எழுந்து வீசினார், இந்த முறை மெதுவாக. ஜிக் நிமிர்ந்து நீந்தியது. அதன் பின்னால் வால், வீட்டுக்காரரைக் கண்ட நாய்க்குட்டி போல ஆடிக்கொண்டே வந்தது.

டபக்!

தடி வளைந்தது. குளமே ஒரு பக்கம் சாய்ந்தது. நம்பாதவர்கள் தவளைகளைக் கேட்கலாம். அப்பா இழுத்தார், மீன் இழுத்தது, நதீஷா அப்பாவின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். முழங்கை நீளத்தில் ஒரு பாஸ் துள்ளிக்கொண்டு கரைக்கு வந்தது.

"ஜூலியஸ்! பாரடா!"

பழைய சத்தம்! எங்கோ ஒரு கார் அலாரம் அடித்தது.

அப்பா பக்கத்தில் திரும்பினார். பார்ப்பதற்கு ஜூலியஸ் இல்லை. கொக்கியை மெல்லக் கழற்றி, மீனின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து, தண்ணீரில் விட்டார். கிழிந்துபோன வால் மட்டும் உள்ளங்கையில் கிடந்தது.

நதீஷா காருக்கு ஓடினாள். புதிய கதிரையைத் தூக்கிவந்து விரித்தாள்.

"அப்பா, நான் பொய் சொன்னனான். இது உங்கட கதிரை. சித்தப்பா உங்களுக்கெண்டு வாங்கினது. ஒவ்வொரு சனியும் விரிச்சு வைப்பார். என்னையும் இருக்க விடமாட்டார்."

"ஒவ்வொரு சனியுமா?"

"ஓம்."

"கோவப்படேல்லையா?"

"இல்லை, அப்பா. மடிச்சு வைக்கேக்குள்ள, 'வாற சனி அண்ணை வந்திடும்' எண்டு மட்டும் சொல்லுவார்."

அப்பா அழுதார். மெதுவாக அல்ல, குளக்கரை முழுக்கக் கேட்கும்படி, தன் பழைய சத்தத்திலேயே அழுதார். நதீஷா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அப்பா அந்தக் கடை அட்டையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கதிரையில் உட்கார்ந்தார். நதீஷா பழைய கதிரையையும் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் விரித்துவிட்டு, தான் வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தாள்.

"மற்ற வாலை எப்ப எறியிறது, அப்பா?"

அப்பா பக்கத்துக் கதிரையைப் பார்த்துச் சொன்னார்: "வாற சனி."

அந்த 'வாற சனி' உண்மையாகவே வந்தது.