செருப்பில் புளியங்கொட்டை

செருப்புக்குள் இரண்டிரண்டு புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டுதான் ஆதிரா எந்தத் தங்குதிடலுக்குள்ளும் காலெடுத்து வைப்பாள். நடக்க நடக்கக் குதிகாலில் உறுத்த வேண்டும். உறுத்திக்கொண்டே இருந்தால்தான் உடம்பு சொகுசு கொள்ளாது. உடம்பு சொகுசு கொண்டுவிட்டால் கதை கந்தல்.

எல்லாம் மணிக்கட்டில் கிடக்கும் ஒப்பக்காப்பு செய்கிற வேலை. கடல் ஊருக்குள் புகுந்தபிறகு பாதி ஜனம் வீட்டுவண்டியிலேயே குடித்தனம் நடத்துகிறது. வண்டியை நிறுத்த ஊருக்கு ஊர் திடல்கள். திடல்காரர்கள் காட்டிய படங்களோ அத்தனையும் புளுகு. பொட்டல்காட்டில் பனிமூட்டமும் அருவியும் காட்டினார்கள். படம், குரல், கைரேகை எதையும் பொய்யாக உண்டாக்கலாம் என்று ஆனதும் சட்டம் ஒரே ஒரு சாட்சியைத்தான் நம்பியது: நேரில் போய் அந்த இடத்தில் நின்ற உடம்பு. காப்பு நாடியைப் படிக்கும், மூச்சைப் படிக்கும். பத்து மூச்சு நேரம் உடம்பு அங்கே நிம்மதியாக இருந்தால் அதுவே மெய்யொப்பம். ஓராண்டுக்கு இடம் உறுதி. வாய் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஆதிராவுக்குத் தப்புப் பண்ண வசதியில்லை. கணவன் கவினுக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. இன்னொரு தூசிக்காட்டில் ஒரு வருஷம் தாங்காது என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவனை நெடுஞ்சாலை ஓரம் வண்டியிலேயே படுக்கவைத்துவிட்டு, தாராபுரத்துக்கு மேற்கே இருந்த அந்தத் திடலுக்குத் தனியாக நடந்து வந்திருந்தாள். பதினேழாம் இடத்துக்காரர் கிளம்ப விரும்புகிறாராம், போய்ப் பார்க்கலாம் என்றான் வாயிற்காவலன்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். வேப்பிலையை விரலால் துடைத்தாள், தூசி ஒட்டவில்லை. குழாய்த் தண்ணீரைச் சொம்பில் பிடித்துக் கால்மணி நேரம் வைத்தாள். அடியில் எதுவும் தங்கவில்லை. கொடிகளில் காய்ந்த வேட்டிகளைத்தான் அவள் கடைசியாகப் பார்ப்பாள், வேட்டி பொய் சொல்லாது என்பது அவள் நம்பிக்கை. எல்லாம் பளிச்சென்று இருந்தன. நல்ல இடம்தான் போலிருக்கிறது. ஆனாலும் மாலைவரை இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தாள்.

பதினேழாம் இடத்தில் தன் வீட்டுவண்டியின் வாசலில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். பெயருக்குத்தான் தருண், வயது அறுபத்தைந்துக்குக் குறையாது.

"வாங்க அம்மிணி. வெயில்ல நிக்காதீங்க. ஒரு வாய் மோர் குடிச்சுட்டுப் போங்க."

"வேணாங்கண்ணா, பாத்துட்டுக் கெளம்பணும்."

"வாசலுக்கு வந்துட்டு ஒண்ணுமே குடிக்காமப் போனா எப்படிங்க. செருப்ப அப்படி விட்டுட்டு உள்ள வாங்க."

அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு போவதா? அந்த யோசனையே அவளுக்கு வரவில்லை. படியோரம் கழற்றி விட்டுவிட்டு ஏறினாள். உள்ளே தரை சில்லென்று இருந்தது. அவர் மட்டும் வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் நடந்தார், கொஞ்சம் நொண்டினார். மூட்டுவலி போலும் என்று நினைத்துக்கொண்டாள். சிரிக்கவே சிரிக்காத மனிதர். ஆனால் மோரில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். ஜன்னல் வழியாக வேப்பங்காற்று வந்தது. காலை நீட்டி உட்கார்ந்து, டம்ளரைக் கீழே வைத்து, அப்பாடா என்றாள்.

காப்பு சூடானது. பச்சை ஒளிர்ந்தது.

"மகிழ்ச்சி. பதினேழாம் இடம் உங்கள் குடும்பத்துக்கு உறுதியாயிற்று," என்றது ஒரு தேன்குரல்.

படிக்கட்டில் கிடந்த செருப்பை அப்போதுதான் நினைத்தாள். எதிரே தருணின் காப்பு கழன்று அவர் மடியில் விழுந்தது. ஒப்பம் விழுந்த குடும்பத்தின் வண்டி திடலின் எல்லைக்கல்லைத் தாண்டி ஓடாது. விலக விரும்புவதாகப் பெயர் கொடுக்கலாம், அப்புறம் வேறொருவர் வந்து அதே இடத்துக்கு மெய்யொப்பம் இட்டால்தான் விடுதலை.

"நீங்க வேணும்னேதான் பண்ணுனீங்க," என்றாள்.

"ஆமாங்க," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "மூணு வருசமுங்க." செருப்பைக் கழற்றி அவள் பக்கம் நகர்த்தினார். "இத வச்சுக்கங்க. விருந்தாளி வந்தா சந்தோசப்படாதீங்க அம்மிணி."

ஏமாற்றியதும் இல்லாமல் புத்தி வேறு சொல்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெறுங்காலுடன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு அவர் அழுதுகொண்டே போனதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை.

கவினைச் சுமந்துகொண்டு அவர்கள் வண்டி தானாகவே உள்ளே வந்து நின்றது. "நல்ல எடமா புடிச்சிருக்க," என்றான் அவன், மரத்தைப் பார்த்து.

நாலு மணிக்குக் காற்று திரும்பியது. திடல் முழுக்கப் பெண்களும் ஆண்களும் ஓடி ஓடிக் கொடிகளிலிருந்து வேட்டிகளை உருவினார்கள். மேற்கே இருந்த சாயக்கழிவு உலர்களத்திலிருந்து ஊதா நிறத்தில் பொடி பறந்து வந்து இலையெல்லாம் படிந்தது. பொழுது விடிவதற்குள் எல்லாரும் குழாய் பிடித்து மரங்களைக் கழுவிவிட்டார்கள். வருகிறவர்கள் காலையில்தானே வருவார்கள். கவின் இரவெல்லாம் இருமினான். ஆதிரா மறுநாளே விலகப் பெயர் கொடுத்தாள்; மறுநாளே அவளும் குழாயைப் பிடித்தாள்.

மூன்று வாரம் யாரும் வரவில்லை. கவின் உட்கார்ந்தபடிதான் தூங்கினான். நாலாம் வாரம் ஒரு காலையில், கையில் சொம்போடு ஓர் இளம்பெண் திடலுக்குள் வந்தாள். வேப்பிலையைத் துடைத்துப் பார்த்தாள். நொண்டி நொண்டி நடந்தாள்.

அந்த நொண்டலைப் பார்த்ததும் ஆதிராவுக்கு உயிரே திரும்பி வந்தது. இவளும் செருப்பைக் கழற்றுவாள், இவளும் உட்காருவாள், கவின் பிழைத்துக்கொள்வான். மோர் ஏற்கெனவே கடைந்து வைத்திருந்தாள். அவள் வாசலில் நின்று, அந்தப் பெண் ஒவ்வோர் அடியாக நெருங்குவதைப் பார்த்து, மூன்று வாரத்தில் முதல்முறையாக நெஞ்சு நிறைய மூச்சுவிட்டாள். இன்னொன்று. இன்னொன்று.

காப்பு சூடானது.

"மகிழ்ச்சி. இந்த இடம் உங்களுக்குப் பிடித்துவிட்டது. விலக விரும்புவோர் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்பட்டது. தங்கல் இன்னும் ஓராண்டுக்கு நீள்கிறது. நீக்கிய பெயரை அதுவரை மீண்டும் சேர்க்க இயலாது."

அந்தப் பெண் படியருகே வந்து செருப்பு வாரை அவிழ்க்கக் குனிந்தாள்.

"கழட்டாத கண்ணு," என்றாள் ஆதிரா. "இங்க யாரு வீட்டுலயும் கழட்டாத. நாலு மணிக்கு மேல வந்து பாரு."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனாள். ஆதிரா கட்டிலுக்கடியில் தேடி, தருண் விட்டுச் சென்ற செருப்பை வெளியே இழுத்தாள். உள்ளே புளியங்கொட்டைகள் பசைபோட்டு ஒட்டியிருந்தன, மூன்று வருஷம் மிதிபட்டு வழவழத்துப் போய்.

"யாரு வந்தது?" என்றான் கவின் இருமலுக்கு நடுவே.

"யாருமில்லீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டாள். அவளுக்குப் பெரிது. நொண்டிக்கொண்டே போய் அவனுக்கு வெந்நீர் எடுத்து வந்தாள்.