படத்தில் இருந்த கதவு

படத்தில் அந்தக் கதவு மூடித்தான் இருந்தது. எடுத்தவள் அவள், தன் படம் தனக்குத் தெரியாதா? இப்போது சுவரில் ஒட்டிய பிரதியில், கதவுக்கும் நிலைக்கும் நடுவே மயிரிழை அளவு இருட்டு. விரலால் தேய்த்துப் பார்த்தாள். அழுக்கில்லை. கேமராவில் மூலப்படத்தைத் தேடினாள். அதில் கதவு மூடியே இருந்தது.

இடிக்கப்போகிற ஒரு காலி வீட்டின் சுவர்களை ஆளுயரத்துக்குப் படம் எடுத்திருந்தாள். ஆர்க்கிடெக்டான அக்கா அதே அளவில் கண்காட்சிக் கூடத்தில் ப்ளைவுட் அறைகள் கட்ட, இருவருமாகச் சுவருக்குச் சுவர் படங்களை ஒட்டினார்கள். வீட்டை இடித்துவிட்டார்கள். நாளை அதன் படத்துக்குள் ஜனங்கள் நடப்பார்கள்.

"அக்கா, இந்தக் கதவு திறந்திருக்கு."

"பசை காய்ஞ்சா பேப்பர் இழுக்கும்டி. சாப்பிடாம கொள்ளாம வேலை பாத்தா கதவும் திறக்கும், கூரையும் பறக்கும். தள்ளு, உருளையால நீவிட்டு வரேன்."

அக்கா உள்ளே போனாள். இவள் வெளியே வந்து நின்றாள். உருளை சுவரில் ஈரமாக ஊர்கிற சத்தமும், பலகைத் தரையில் அக்காவின் செருப்பு டொக் டொக்கென்று அதிர்வதும், பசை வாடைக்கு அடியிலிருந்து பல வருஷம் பூட்டிக்கிடந்த அறையின் புழுங்கல் நெடி கிளம்புவதும் ஒன்றாக வந்தன. பிறகு உருளை நின்றது. செருப்புச் சத்தம் மாறியது. பலகையில் இல்லை. சிமெண்டுத் தரையில். தூரத்தில்.

அந்தக் கூடத்தில் சிமெண்டுத் தரையே கிடையாது.

"அக்கா?"

உள்ளே ஓடினாள். உருளை கீழே கிடந்தது. அக்கா இல்லை. சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். வெறும் பலகை, ஆணி முனைகள். திரும்பி வந்தாள்.

படத்தில் கதவு இன்னும் கொஞ்சம் திறந்திருந்தது. அதன் விளிம்பை உள்ளிருந்து நான்கு விரல்கள் பற்றியிருந்தன. நகங்களில் ஈரப் பசை. அவற்றின் மேல், ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வந்ததுபோல், இன்னொரு கை. நீளமான கை.

தொட்டாள். வழவழவென்று காகிதம். ஆனால் சூடு.

"விட்டுடாதக்கா! பிடிச்சுக்கோ!"

காய்ந்தும் காயாத ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். காகிதம் குறுக்கே கிழிந்தது. சுவருக்குள் எங்கோ அக்கா அலறினாள். ஒரே அலறல். அப்புறம் கூடமே அடங்கிப்போயிற்று.

சுவரில் வெறும் பலகை. கையில் கிழிந்த துண்டு. அதில் நான்கு விரல்கள்.

மெல்ல, ஒவ்வொன்றாக, அவை விரிந்தன.